இரவல் அறையில் தமிழ் வகுப்பு: மேசையை நகர்த்தினால் ஆர்வம் வருமா?

கேள்வி: மொரீஷியஸில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். நான்காம் கிரேடில் 14 பிள்ளைகள். தமிழ் நேரத்துக்கு எனக்கென்று அறை கிடையாது. வேறொரு மிஸ்ஸின் வகுப்பறையில்தான் பாடம். பிள்ளைகள் தேடிப்போய்க் கடைசியில் உட்காருகிறார்கள், வாயே திறப்பதில்லை. இருக்கைகளை நெகிழ்வாக மாற்றி அமைத்தால் படிப்பில் ஆர்வம் கூடும் என்று படித்தேன். உண்மையா? மெத்தை, புதுவகை நாற்காலி வாங்கப் பணமில்லை. மேசை இழுக்கிற சத்தத்துக்குத் தலைமையாசிரியர் ஏற்கெனவே முகம் சுளிக்கிறார். மாலையில் கோயில் மண்டபத்திலும் ஒரு தமிழ் வகுப்பு எடுக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்:

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். மேசையை மாற்றிப் போட்ட மாத்திரத்தில் எந்தப் பிள்ளைக்கும் தமிழ்மேல் ஆசை பிறந்துவிடாது. ஆனால் உங்கள் பிள்ளைகள் வாய் திறக்காமல் இருப்பதற்கு அவர்கள் உட்கார்ந்திருக்கும் விதமும் ஒரு காரணம். அதை நாளைக்கே, ஒரு ரூபாய் செலவில்லாமல் சரிசெய்யலாம். நெகிழ்வான வகுப்பறை என்றதும் இணையத்தில் வரும் படங்களைப் பார்த்து மெத்தைக்கும் வண்ண நாற்காலிக்கும் ஆசைப்பட்டுவிடுகிறோம். அவற்றில் பாதி, சாமான் விற்பவர்கள் போட்ட படங்கள். என்ன வேலை நடக்கிறதோ அதற்குத் தக்கபடி பிள்ளைகள் இடம் மாறி உட்கார முடிய வேண்டும். அது முடிந்தால் உங்கள் வகுப்பறை நெகிழ்வானதுதான், பழைய மர மேசையாக இருந்தாலும்.

உங்கள் நிலைமையைப் பார்ப்போம். இங்கே மொழிப் பாட நேரம் வந்ததும் ஒரே வகுப்புப் பிள்ளைகள் இந்தி, உருது, தமிழ், தெலுங்கு, மராத்தி, மாண்டரின், அரபு, 2012இலிருந்து கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த, இங்கே எல்லாரும் பேசும் மொழி) என்று பிரிந்து வெவ்வேறு அறைகளுக்குப் போகிறார்கள். தமிழுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பேர். கிடைக்கிற அறையோ முழு வகுப்புக்கானது. பெரிய அறைக்குள் 14 பிள்ளைகள் நுழைந்தால் ஆளுக்கொரு மூலை பிடித்துக்கொள்வார்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் காலி மேசைகள் கிடக்கும். நீங்கள் குரலை உயர்த்துவீர்கள், பிள்ளைகள் குரலைத் தாழ்த்துவார்கள். இவர்களுக்குத் தமிழ் வீட்டில் புழங்கும் மொழியும் இல்லை. வீட்டில் கிரியோல், பாடப்புத்தகத்தில் ஆங்கிலம், தொலைக்காட்சியில் பிரெஞ்சு. அரைகுறையாகத் தெரிந்த மொழியை, காலி மேசைகளைத் தாண்டி, நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொல் என்றால் ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கூச்சம் வரத்தான் செய்யும். அதை நாம் ஆர்வமில்லை என்று எழுதிவைத்துவிடுகிறோம்.

ஆகவே முதல் வேலை, அறையைச் சிறிதாக்குவது. முழு அறையையும் பயன்படுத்தவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. பலகைக்குப் பக்கத்தில் ஒரு பாதியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, மீதி மேசைகளை மறந்துவிடுங்கள். 14 நாற்காலிகளை மட்டும் இழுத்து இரண்டு வளைவுகளாகப் போடுங்கள்: உள்வளைவில் 6, வெளிவளைவில் 8. கடைசி வரிசை என்ற ஒன்றே இல்லாமல் போகும். நீங்கள் நின்று பேசாமல் அதே உயர நாற்காலியில் உட்கார்ந்து பேசினால் இன்னும் நல்லது. பிள்ளை முணுமுணுத்தாலும் உங்களுக்குக் கேட்கும் தூரம்தான் அளவு. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல் என்று அதட்டவேண்டிய அவசியமே வராது.

எந்தப் பாதியைத் தேர்ந்தெடுப்பது என்பது பருவத்தைப் பொறுத்தது. நம் பள்ளி ஆண்டு ஜனவரியில், உச்ச வெயிலில் தொடங்குகிறது. போர்ட் லூயிஸ் பக்கம் பிப்ரவரியில் வெயில் விழும் சன்னல் ஓரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்தால் பத்து நிமிடத்தில் தூங்கி வழிவார்கள். காற்று வரும் பக்கம் பார்த்துப் போடுங்கள். ஜூலையில் மேட்டுநில ஊரான கியூர்பிப்பில் தூறலும் குளிருமாக இருக்கும்போது அதே சன்னல் ஓரம் ஆகாது. இதைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 27 தொடக்கப் பள்ளிகளில் 153 வகுப்பறைகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவில், பிள்ளைகளின் ஓராண்டு முன்னேற்றத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் 16 விழுக்காடு வகுப்பறையின் பௌதிக அமைப்போடு தொடர்புடையது என்றார்கள். அதிலும் ஏறத்தாழப் பாதி வெளிச்சம், காற்று, வெப்பம் ஆகியவற்றின் பங்கு. இருக்கை வசதியும், இது நம் அறை என்ற உணர்வும் அதற்கு அடுத்தபடிதான். மெத்தை வாங்குவதைவிடச் சன்னலைத் திறப்பது முக்கியம் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இனி, வளைவா வரிசையா குழுவா என்ற சண்டைக்கு வருவோம். இதில் இரு தரப்புக்கும் ஆய்வு உண்டு. ஆளுக்குப் பாதியைப் படித்துவிட்டு வாதாடுகிறார்கள்.

ஜெர்மனியில் 27 நான்காம் வகுப்புப் பிள்ளைகளை மாற்றி மாற்றி வரிசையிலும் அரைவட்டத்திலும் உட்காரவைத்துப் பார்த்தார்கள். 1999இல் வெளிவந்த அந்த ஆய்வில், அரைவட்டத்தில் இருந்தபோது பிள்ளைகள் ஆசிரியரிடம் கேட்ட கேள்விகள் கூடின. வரிசை போட்ட அறையில் ஆசிரியரின் கவனம் முன்வரிசைக்கும் நடு நெடுவரிசைக்குமே போகிறது என்று 1970இலேயே ஆடம்ஸ், பிடில் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். ஓரத்தில் இருக்கும் பிள்ளையை நாம் வேண்டுமென்று ஒதுக்குவதில்லை. கண் அங்கே போவதில்லை, அவ்வளவுதான்.

மறுபக்கம், இங்கிலாந்தில் வெல்டால், லாம் என்ற இருவர் 1987இல் வெளியிட்ட ஆய்வு. நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகள் படிக்கும் ஒரு சிறப்புப் பள்ளியில், மேசையைச் சுற்றிக் குழுவாக உட்கார்ந்த பிள்ளைகளை வரிசைக்கு மாற்றினார்கள். வேலையில் ஈடுபடும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பானது. குழுவுக்குத் திரும்பியதும் பழையபடி சரிந்தது. குழுவாக இருந்தபோது இடையூறு மூன்று மடங்கு. ஆனால் அங்கே பிள்ளைகள் செய்துகொண்டிருந்தது தனித்தனி வேலை. தனியாகச் செய்யவேண்டிய கணக்கைக் கொடுத்துவிட்டு, நாலு பேரை முகத்துக்கு முகம் உட்காரவைத்தால் அரட்டை வராமல் என்ன வரும்?

ஆக, எந்த அமைப்பு சிறந்தது என்று கேட்பதில் பொருளில்லை. இந்த இருபது நிமிடத்தில் பிள்ளை என்ன செய்யப்போகிறது என்றுதான் கேட்க வேண்டும். தமிழ் வகுப்பில் நடக்கும் வேலைகள் நாலைந்துதான். அவற்றுக்கு எது பொருந்தும் என்று பார்த்துவிடலாம்.

எழுதுவதற்கு வரிசையே நல்லது. இதைச் சொன்னால் பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்களில் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் ழ, ண, ஞ போன்ற எழுத்துகளைச் சுழித்து எழுதப் பழகும் பிள்ளைக்கு முழங்கை ஊன்ற இடம் வேண்டும், மேசை ஆடக்கூடாது, பலகையில் நீங்கள் எழுதுவதை நேராகப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்து எழுதுகிற பிள்ளைக்கு எழுத்தின் சாய்வே மாறித் தெரியும். இடக்கைப் பழக்கம் உள்ள பிள்ளையை இரட்டை மேசையின் இடது ஓரத்தில் போடுங்கள், பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை இடிக்காது. ஆளுக்கு ஒரு மேசை இருக்கும் அளவுக்கு உங்கள் அறை பெரியது. இரவல் அறையால் கிடைக்கும் ஒரே லாபத்தை விடாதீர்கள்.

பேசுவதற்கும் பாடுவதற்கும் கதை கேட்பதற்கும் வளைவு. அதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

குழு மேசையில்தான் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நாலு பிள்ளைகளை முகம் பார்க்க உட்காரவைத்து, பேசுங்கள் என்றால் பேசுவார்கள், நன்றாகவே பேசுவார்கள், கிரியோலில். அவர்களை நொந்து பயனில்லை; ஒன்றாக ஓடி விளையாடும் மொழி அது. வெளிநாட்டுப் புத்தகங்கள் குழு வேலையைப் புகழும்போது, பிள்ளைகளின் வீட்டுமொழியில் பாடம் நடக்கும் வகுப்பை மனத்தில் வைத்துப் புகழ்கின்றன. உங்கள் வகுப்பில் குழு மேசை வேண்டுமானால், தமிழ் இல்லாமல் முடிக்கமுடியாத வேலையைக் கொடுங்கள். எழுத்து அட்டைகளைச் சேர்த்துச் சொல் உண்டாக்குவது, படத்துக்குரிய சொல்லட்டையைப் பொருத்துவது, குலைத்துப்போட்ட கதை வாக்கியங்களை வரிசைப்படுத்துவது. வாய் கிரியோல் பேசினாலும் கண்ணும் கையும் தமிழில் இருக்கும். முடித்தபின் அதே குழு வளைவுக்கு வந்து, தான் செய்ததைத் தமிழில் ஒரு வாக்கியமாகச் சொல்லட்டும். குழுவில் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டதால் வளைவில் கூச்சம் குறையும். குழுவுக்கு மூவர் போதும். நாலாவது பிள்ளை பெரும்பாலும் வேடிக்கைதான் பார்க்கும்.

உரையாடலுக்கு நான் மிகவும் நம்புவது பந்தி. ஆம், சாப்பாட்டுப் பந்திதான். கலியாணத்திலும் கோயிலிலும் வாழையிலையில் ஏழு கறி சாப்பிடாத பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்காது. காவடி முடிந்த வாரத்தில் இதைச் செய்து பாருங்கள். மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கி, தரையில் எதிரெதிராக இரண்டு வரிசை. நடுவில் பரிமாறுகிறவர்கள் நடக்க வழி. காகிதத்தில் வெட்டிய இலை, படம் ஒட்டிய கறிகள். மூன்று பிள்ளைகள் பரிமாற வேண்டும். "பலாக்காய்க் கறி வேண்டுமா?" "கொஞ்சம் போடுங்கள்." "ரசம்?" "வேண்டாம், போதும்." பரிமாறும் பிள்ளை எதிரே 11 பேரிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும், உட்கார்ந்திருக்கும் பிள்ளை தன் முறை வருமுன் அதைப் பலமுறை கேட்டுவிடும். ஒரே வாக்கியத்தைப் பத்துமுறை சொல்லு என்றால் முனகுகிற வகுப்பு, இங்கே முனகாமல் சொல்கிறது. இதே போலச் சந்தை நாளுக்கு மேசைகளை வெளிவிளிம்பில் கடைகளாகப் போடலாம். பேருந்துப் பாடத்துக்கு நாற்காலிகளை இரண்டிரண்டாக வரிசையிட்டு நடத்துநர் ஒருவரை விடலாம். அறை வேறொன்றாக மாறும்போது பேசுவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. தமிழ் வகுப்பில் இங்குள்ள பிள்ளைக்கு இல்லாதது பெரும்பாலும் அந்தக் காரணம்தான்.

இடத்தைத் தானே தேர்ந்தெடுப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆர்வம் பற்றிய ஆய்வில் டெசி, ரயன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் சொல்வது மூன்று தேவைகள்: நான் தேர்ந்தெடுத்தேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, இவர்களில் நானும் ஒருவன் என்ற உணர்வு. இருக்கை அமைப்பு முதலாவதையும் மூன்றாவதையும் நேரடியாகத் தொடும். இரண்டாவதைத் தொடாது, அது பாடத்தின் தரத்தையும் அளவையும் பொறுத்தது. புத்தகம் பிள்ளையின் தலைக்குமேல் போகிறது என்றால் எந்த வளைவும் காப்பாற்றாது, அதை முதலில் கவனியுங்கள்.

விருப்பத் தேர்வைப் பற்றிய 41 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கொடுத்தால் உள்ளார்ந்த ஆர்வம் கூடுகிறது என்பது அதன் முடிவு. எந்த நிறப் பேனா என்பது போல, பாடத்தோடு தொடர்பில்லாத சின்னத் தேர்வுகூட வேலை செய்கிறது. அதனால் நீங்கள் பெரிதாக எதையும் விட்டுக்கொடுக்கவேண்டியதில்லை. வாசிக்கும் பத்து நிமிடத்தில் மட்டும் மூன்று இடங்களைச் சொல்லுங்கள்: மேசை, சுவரோரப் பாய், சன்னல் பக்கம் நின்றபடி. எங்கே வேண்டுமானாலும் என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் கூட்டாளி இருக்கும் இடத்துக்குத்தான் எல்லாரும் ஓடுவார்கள், பாதி நேரம் இடப்பிரச்சினையிலேயே போகும். கூட்டாளி இல்லாத ஒரு பிள்ளை நடுவில் நின்றுகொண்டிருக்கும், அது இன்னும் மோசம். இடத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துவிடுங்கள். தினமும் வெவ்வேறு பிள்ளை முதலில் தேர்ந்தெடுக்கட்டும். தேர்ந்தெடுத்த இடத்தில் வேலை நடக்கவில்லை என்றால், கோபப்படாமல், இன்று உனக்கு மேசைதான் என்று மாற்றிவிடும் உரிமை உங்களிடம் இருக்கிறது என்பதை முதல் நாளே சொல்லிவையுங்கள்.

நல்ல இடத்தைப் பரிசாக்காதீர்கள். சரியாகப் படித்தவனுக்குப் பாய், தப்பு விட்டவனுக்குப் பெஞ்சு என்று வைத்தால் ஒரு வாரம் பிரமாதமாக நடக்கும், பிறகு பாய்க்காகத்தான் படிப்பார்கள். லெப்பர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் பாலர் பள்ளியில் செய்து 1973இல் வெளியிட்ட சோதனை இதற்குத் தெரிந்த சான்று. தாமாகவே விரும்பிப் படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்ததும் சான்றிதழைக் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். மேலும், மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்குத்தான் அசைந்து உட்கார இடம் அதிகம் தேவை. பரிசு முறையில் அதற்குக் கிடைப்பது எப்போதும் பெஞ்சுதான்.

தமிழ்நாட்டில் 2025 ஜூலையில் நடந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கடைசி பெஞ்சு என்பதே இருக்கக்கூடாது என்று, அரசுப் பள்ளிகளில் இருக்கைகளை 'ப' வடிவில் போடச் சொல்லி அறிவிப்பு வந்தது. நோக்கம் நல்லதுதான். பக்கவாட்டில் உட்காரும் பிள்ளை நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பியே பலகையைப் பார்க்க வேண்டும், கழுத்து வலி வரும், கண்ணுக்கும் சிரமம் என்று மருத்துவர்கள் உட்படப் பலர் எதிர்த்தார்கள். பிள்ளைகள் நெருக்கியடித்து உட்காரும் வகுப்பில் 'ப' எங்கே போடுவது என்ற கேள்வியும் எழுந்தது. இரு பக்கமும் நியாயம் உண்டு. என்னைக் கேட்டால் கோளாறு வடிவத்தில் இல்லை, நாள் முழுக்க ஒரே வடிவம் என்பதில் இருக்கிறது. வரிசையை நிரந்தரமாக்கினால் ஓரப் பிள்ளை காணாமல் போகும், 'ப'வை நிரந்தரமாக்கினால் ஓரப் பிள்ளையின் கழுத்து போகும். உங்கள் வகுப்பு ஒரு பீரியடுதான். அதற்குள் இரண்டு அமைப்பு மாற்றினால் எந்தக் கழுத்துக்கும் கேடில்லை. வளைவின் இரு நுனிகளிலும் இருக்கும் பிள்ளைகள் மட்டும் வாரத்துக்கு வாரம் மாறட்டும். கண்ணாடி போட்ட பிள்ளை, காது மந்தமான பிள்ளை இருந்தால் அவர்களுக்கு வளைவின் நடுவில் நிரந்தர இடம். இதில் சுழற்சி வேண்டாம்.

ஒரு பீரியடுக்குள் இரண்டு அமைப்பா, நேரம் எங்கே என்று கேட்பீர்கள். பழக்கினால் மூன்று நிமிடத்துக்குள் முடியும். வெறும் உத்தரவால் முடியாது, பழக்க வேண்டும். முதல் வாரம் பாடத்தைக் குறைத்துக்கொண்டு இதற்கே நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு பெயர் வையுங்கள்: வரிசை, வளைவு, பந்தி. பலகையோரம் அதன் படத்தை வரைந்தால் போதும், பிள்ளைகளே நகர்த்துவார்கள். மாற்றும்போது ஒரு பாட்டு. பாட்டு முடிவதற்குள் எல்லாரும் உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தப் பாட்டு என்பது உங்கள் இஷ்டம், சின்னதாக இருந்தால் சரி. பந்தி, சந்தை நாள் தவிர மற்ற நாள்களில் மேசையைத் தொடாமல் நாற்காலியை மட்டும் நகர்த்தும்படி திட்டமிடுங்கள், பாதிச் சத்தம் அதிலேயே குறையும். நாற்காலியை இழுக்காமல் இரு கையால் தூக்க வேண்டும் என்பது முதல் விதி. மீதிச் சத்தத்துக்கு, பழைய டென்னிஸ் பந்தைக் கீறி நாற்காலிக் காலில் மாட்டலாம், அல்லது தடித்த கம்பளித் துணியை ஒட்டலாம். அறை மற்ற மிஸ்ஸினுடையது என்பதால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. அவருக்கும் காது இருக்கிறது.

அவருடைய அறையை எப்படி எடுத்தீர்களோ அப்படியே திருப்பிக் கொடுப்பது மிக முக்கியம். உள்ளே நுழைந்ததும் செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிக்கும்போது இரண்டு பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்துச் சரிபார்க்கட்டும். மேசைக்குள் வேறு பிள்ளைகளின் புத்தகமும் பென்சிலும் இருக்கும். மேசையைத் திருப்பிப் போட்டால் அவை கலைந்துவிடும். காணாமல்போன ஓர் அழிப்பானுக்காகத் தமிழ் வகுப்பின் பெயர் கெட்டால், அதன்பிறகு எந்த மாற்றமும் செய்யவிட மாட்டார்கள்.

சுவர் உங்களுடையது இல்லை என்பது பெரிய குறையாகத் தோன்றும். அதற்கும் வழி உண்டு. ஒரு பழைய சேலையிலோ கட்டித் துணியிலோ எழுத்துகளையும் பிள்ளைகள் வரைந்த படங்களையும் குத்தி, சுருட்டிக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டுங்கள். அந்தத் துணி விரிந்ததும் அது தமிழ் அறை. அந்த ஒரு செய்கையே, இது நம் இடம் என்ற உணர்வைத் தரும். நிரப்பித் தள்ளாதீர்கள். அளவுக்கு மீறி அலங்கரித்த அறையில் பாலர் பள்ளிப் பிள்ளைகளின் கவனம் அதிகம் சிதறியது, கற்றதும் குறைந்தது என்று 2014இல் வெளிவந்த ஓர் அமெரிக்கச் சோதனை காட்டியது. துணியில் பாதி வெறுமையாக இருக்கட்டும். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைக் குத்துங்கள்.

கோயில் மண்டப வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே உங்களுக்கு எதிர்மாறான நிலைமை: மேசையே இல்லை, பாய் மட்டும். வளைவும் பந்தியும் நினைத்த நேரத்தில் போடலாம். எழுதுவதற்குத்தான் கஷ்டம், குனிந்து தரையில் எழுதினால் முதுகும் போகும், கையெழுத்தும் போகும். மடியில் வைக்க ஆளுக்கு ஒரு மெல்லிய பலகை, அல்லது நீளமான தாழ்ந்த பெஞ்சு ஒன்று செய்துவைக்கச் சொல்லுங்கள். கோயில் நிர்வாகத்தில் தச்சுவேலை தெரிந்த அண்ணன் ஒருவர் எப்படியும் இருப்பார். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் பாயில் சிறு வட்டங்களாக உட்கார்ந்தார்கள். அவர்களே எழுதிப் பார்க்க, சுவரின் கீழ்ப்பகுதியில் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அமைத்தார்கள். மண்டபத்தில் சுவரைத் தொட முடியாது, ஆனால் ஒரு தட்டிப் பலகையைச் சுவரில் சாய்த்துவைக்கலாம். பிள்ளை எழுந்துபோய் நின்று எழுதிவிட்டுத் திரும்புவதே ஒரு மாற்றம். நாள் முழுக்கப் பள்ளியில் உட்கார்ந்துவிட்டு மாலையில் வருகிற உடம்பு அது, அதை மறுபடி ஒரு மணி நேரம் அசையாதே என்பது கொடுமை.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? வகுப்பு கலகலப்பாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். புது ஏற்பாடு எதுவானாலும் முதல் இரண்டு வாரம் கலகலப்பாகத்தான் இருக்கும். அமைப்பை மாற்றுவதற்கு முன்பே ஒரு தாளில் 14 பெயரை எழுதி, ஒரு பீரியடில் கேட்காமலே தமிழில் வாய் திறந்தவர்களுக்கு ஒரு கோடு போடுங்கள். மாற்றியபின் வாரம் ஒருமுறை அதே கணக்கு. ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த நாலு பேரின் கோடு கூடினால் அது வெற்றி இல்லை. கோடே இல்லாதவர்கள் எத்தனை பேர் குறைந்தார்கள் என்று பாருங்கள். ஒரு பருவம் முடிந்தும் அது அசையவில்லை என்றால் காரணம் இருக்கையில் இல்லை. பாடம் கடினமா, உச்சரிப்பைப் பார்த்து யாராவது சிரிக்கிறார்களா, தமிழ் எடுக்கச் சொன்னது வீட்டாரின் வற்புறுத்தலா என்று அந்தப் பக்கம் தேட வேண்டும்.

கடைசியாக உங்கள் தலைமையாசிரியர். வரிசைதான் ஒழுங்கு என்று நினைப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாமெல்லாரும் அப்படித்தான் படித்தோம். (ஆனாலும் ஒரு செய்தி. சென்னை எழும்பூரில் ஒரு பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், அங்குள்ள பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தன் பள்ளியில் புகுத்தினார். பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797இல் லண்டனில் எழுதி வெளியிட்டார். அது மெட்ராஸ் முறை என்றே ஐரோப்பாவில் பெயர் பெற்றது. தரையும் மணலும் நமக்குப் புதிதில்லை.) நெகிழ்வான வகுப்பறை என்று பெரிய பெயரோடு அவரிடம் போகாதீர்கள், பணம் கேட்க வந்ததாக நினைப்பார். ஆறாம் கிரேடு முடிவில் பிள்ளைகள் தேசியத் தேர்வு எழுதவேண்டியிருக்கிறது, அதற்குள் வாய்விட்டுப் படிக்கப் பழக்க வேண்டும், அதற்காக வாரத்தில் இரண்டு நாள் நாற்காலிகளை வளைவாகப் போட அனுமதி வேண்டும், அதற்கு மேசை நகராது, மணி அடிக்குமுன் அறை பழையபடி இருக்கும் என்று சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் கேளுங்கள். பந்தி நாளன்று அவரையும் அழைத்து ஓர் இலை போட்டு உட்காரவையுங்கள். ரசம் வேண்டுமா என்று பிள்ளைகள் தமிழில் கேட்டால் அவரும் பதில் சொல்லியாக வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது என்றால், "போதும்" என்ற ஒரு சொல்லை முதல் நாளே ஒரு பிள்ளையை விட்டுச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.